நிழலைப் பார்த்து வரையுங்கள்

அன்புள்ள அக்கா,

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், ஓவியம் பழகுகிறேன். ரெம்பிராண்ட் இளமையில் தன்னையே வரைந்த படம் ஒன்று, பாதி முகம் இருட்டில் இருக்குமே, அதைக் கடையில் பிரிண்ட் எடுத்து வைத்து எண்ணெய் வர்ணத்தில் வரைந்தேன். நிழல் முழுதும் கரியாகிவிட்டது. 'பார்த்து வரைவது திருட்டு, சொந்தமாகச் செய்' என்கிறார் எங்கள் சேர். விட்டுவிடவா?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

விட வேண்டாம். 1628இல் மாட்ரிட் போனபோது ஓவியர் ரூபன்ஸுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஐரோப்பா முழுக்கப் பெயர். அப்போதும் ஸ்பெயின் மன்னரிடம் இருந்த, தனக்கு முந்திய ஓவியர் டிஷியனின் ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பாரிஸ் லூவரில் இன்றைக்கும் அனுமதி வாங்கி ஈசல் (படம் தாங்கும் சட்டம்) போட்டு வரையலாம். மூலத்தின் அளவிலேயே வரையக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் சேர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. முகச்சாயல் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கை பழகும், கண் பழகாது.

கரியாகிப் போனதற்குப் பாதிக் காரணம் அந்தப் பிரிண்ட். கடைப் பிரிண்டில் இருட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். அதில் இல்லாததை நீங்கள் எப்படிப் பார்த்திருக்க முடியும்? நீங்கள் சொல்வது, 1628 வாக்கில் வரைந்து இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கும் படம் என்று நினைக்கிறேன். அவர்களுடைய இணையத்தளத்திலிருந்து பெரிய அளவில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். லப்டொப்பில் பெருப்பித்துப் பாருங்கள். வெளிச்சம் கன்னத்திலும் காது மடலிலும் மூக்கு நுனியிலும் கழுத்திலும் விழுகிறது. கண்கள் இரண்டும் நிழலில். சற்று நேரம் பார்த்திருந்தால் அவை நம்மைப் பார்ப்பது தெரியவரும். பின்சுவர் கறுப்பே இல்லை, வெளிச்சம் ஏறிய சாம்பல். அதனால்தான் தலையின் இருண்ட பக்கம் தூக்கித் தெரிகிறது. சுருண்ட தலைமயிரை ஈர வர்ணத்தில் தூரிகைக் காம்பால் கீறியே எடுத்திருக்கிறார். இவ்வளவும் 22.6 செ.மீ. உயரமும் 18.7 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பலகைக்குள். அப்போது அவருக்கு ஏறக்குறைய 22 வயது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். கறுப்பு டியூப்பை மூடி வையுங்கள். அம்பர் என்ற மண்பழுப்பு வர்ணத்தை டர்பன்டைனில் கரைத்து கன்வஸ் முழுதும் மெல்லிசாகப் பூசி, ஈரம் இருக்கும்போதே வெளிச்சம் விழும் இடங்களைத் துணியால் துடைத்தெடுங்கள். அம்பரில் உள்ள மங்கனீசு எண்ணெயைச் சீக்கிரம் காயவைக்கும், அடுத்த பூச்சுக்கு அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் நிழலை அடிப்பூச்சு தெரியும்படி மெல்லிசாகவே விடுங்கள். தடிப்பு எல்லாம் வெளிச்சத்துக்கு. உங்கள் நிழல் செத்துப்போனது தடித்த கறுப்பால்தான். கண்ணை இடுக்கிப் பாருங்கள். தலைமயிர் எங்கே முடிகிறது, நெற்றி எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாமல் கரைகிற இடங்களில் கோடு போடாதீர்கள். இங்கேதான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள்: மூக்கு இருக்கிறது என்று தெரியும், அதனால் மூக்கை வரைந்துவிடுகிறார்கள்.

படத்தை முடித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நிழற்பக்கக் கண்ணை மட்டும் வரைந்தாலும் போதும்.

அதன்பிறகு வீட்டில் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து மண்சட்டியை வரையுங்கள், அம்மா சம்மதித்தால் அம்மாவை. சேர் கேட்கும் சொந்த வேலை அங்கே தொடங்கும்.

இன்னொன்று. கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் ஃபவுண்டேஷன் இருக்கிறது. ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. 1943இல் உருவான '43 குழு என்ற இலங்கை ஓவியர் குழுவினரின் ஓவியங்களை அங்கே கிட்ட நின்று பார்க்கலாம். நேராகப் பார்த்தது போதும் என்று தோன்றியதும் பக்கவாட்டில் வந்து நில்லுங்கள். வர்ணம் எங்கே தடித்திருக்கிறது, எங்கே துணி தெரிகிறது என்று கவனியுங்கள். போய் வந்த பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், நிழற்பக்கம் மட்டும் போதும்.

அன்புடன்,
அக்கா