சீட் பிட்ச் என்றால் என்ன? 29 அங்குலம் என்றால் கால் நீட்ட அவ்வளவு இடமா?

விமானத்தில் உங்கள் இருக்கையில் ஒரு புள்ளி, முன் இருக்கையில் அதே புள்ளி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் சீட் பிட்ச். மலிவுக் கட்டண விமானங்களில் பெரும்பாலும் 28, 29 அங்குலம் இருக்கும். முழுச் சேவை விமானங்களின் எக்கானமியில் 30 முதல் 32 வரை.

ஏன் குறைக்கிறார்கள்? விமானத்தின் நீளம் மாறாது. 30 வரிசையிலும் ஒவ்வோர் அங்குலம் பிடித்தால் 30 அங்குலம் மிச்சம். அதில் இன்னொரு வரிசை போடலாம். ஒற்றை நடைபாதை விமானத்தில் அது 6 பேர். எரிபொருள் செலவு கூடுதல் தலைகளுக்குப் பங்காகிறது, டிக்கெட்டும் மலிவாகிறது.

பட்டர்வொர்த்தில் கோலாலம்பூர் பஸ் ஏறியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று இருக்கை போட்ட பஸ்ஸில் ஆள் குறைவு, கட்டணம் கூடுதல். பஸ்ஸின் நீளம் என்னவோ அதேதான்.

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம். முன் பையில் தண்ணீர் போத்தலைச் செருகினாலே முட்டி இடிக்கும். நான் அதை இடுப்போரம் வைத்துக்கொள்வேன். என்னைக் கேட்டால் சாப்பாட்டைவிட இடம்தான் முக்கியம். நாசி லெமாக்கை இறங்கியும் சாப்பிடலாம், காலை இறங்கி நீட்டி என்ன பயன்?

அப்புறம், 29 அங்குலமும் காலுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இருக்கை முதுகின் தடிமனும் நீங்கள் உட்காரும் இடமும் அதற்குள்தான் அடக்கம், அதனால் மெல்லிய முதுகுள்ள 29, தடித்த 30-ஐவிட வசதியாக இருக்கலாம்.