சோழர் காலக் குறும்படம்: வேட்டி புதுசாகத் தெரிகிறதே?

வீரர்களின் வேட்டி கடையில் எடுத்த மாதிரியே இருக்கிறது, காஸ்ட்யூமரோ ‘அது என் வேலை இல்லை’ என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பெரிய படங்களில் துணியைப் பழசாக்கவே தனி ஆள் இருப்பார். ‘பொன்னியின் செல்வன்’ (2022) படத்தில் உடைக்கு ஏகா லக்கானி, அரங்குக்குத் தோட்டா தரணி. அந்த பட்ஜெட்டுக்கு நாம் எங்கே போவது!

சரி, உங்களுக்கு ஓர் உதவியாளர் போதும். வேட்டியை டீ டிகாஷனில் ஊறவைத்து, காய்ந்ததும் முழங்கால் பக்கத்தையும் ஓரத்தையும் உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். வெளுத்துப்போய், நூல் லேசாகப் பிரிந்தால் போதும்.

அப்புறம், கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடையும் கறையும் மாறாமல் இருக்கிறதா என்று) பார்க்கும் உதவி இயக்குநர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் போட்டோ எடுக்கட்டும். இல்லாவிட்டால் இடது தோளில் இருந்த ரத்தக்கறை வலது தோளுக்குப் போய்விடும். வெறும் மேலோடு நிற்கும் வீரனின் கையில் தடுப்பூசித் தழும்பு தெரிந்தால், அதை மறைப்பது மேக்கப்மேன் பொறுப்பு.