கைபேசியில் குடும்பக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திருமணமான நாள் முதல் முப்பது ஆண்டுகளாக நீள நோட்டில் வரவு செலவு எழுதி வந்தவள் நான். கணவர் பணி ஓய்வு பெற்ற பின் இருவருமே கைபேசியில் பணம் செலுத்தப் பழகிவிட்டோம். இப்போது மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் எங்கே போயிற்றென்றே தெரிவதில்லை. மகன் செலவுக் கணக்குச் செயலி ஒன்றைப் பதிவிறக்கிக் கொடுத்தான். அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணும், செலவு பற்றிய அறிவிப்பும் உங்கள் கைபேசியில் ஒரே பெட்டியில்தான் வந்து விழுகின்றன. செலவை மட்டும் படிக்கட்டும் என்று பிரித்துக் கொடுக்க வழியில்லாததால், அந்த அனுமதியைப் பெறும் செயலி இரண்டையுமே படிக்கக்கூடும். பாதுகாப்பை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், குறுஞ்செய்தியை நம்பி எழுதப்படும் கணக்கு முழுமையாக இருக்காது. பெரிய தனியார் வங்கி ஒன்று 2024 ஜூன் மாதத்திலிருந்து, 100 ரூபாய்க்குக் குறைவாக யூபிஐ மூலம் செலுத்தும் தொகைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதையே நிறுத்திவிட்டது. கீரைக்கு 20, பூவுக்கு 40, தேநீருக்கு 30 என்று போகும் பணத்தைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். அதே பணம்தான் அந்தச் செயலியின் கண்ணிலும் படாமல் போகக்கூடும்.

செயலி தானாகப் பிரித்துக் காட்டும் செலவுத் தலைப்புகளும் நம் வீடுகளுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. காய்கறிக்காரம்மா வைத்திருக்கும் கியூஆர் அட்டை பெரும்பாலும் அவருடைய மகன் பெயரில் இருக்கும். செயலியோ அதைத் தனிநபருக்கு அனுப்பிய பணம் என்று எழுதிக்கொள்ளும். மொய்ப் பணத்துக்கும், கோயில் உண்டியலுக்கும், பேரன் கையில் கொடுத்ததற்கும் அதில் தலைப்பே இருக்காது. உங்கள் நீள நோட்டில் இவை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. ஆகவே அந்த நோட்டின் தலைப்புகளையே கூகுள் ஷீட் போன்ற இணைய விரிதாள் ஒன்றில் வரிசையாக எழுதி, அதைக் கணவரின் கைபேசியிலும் திறக்கும்படி பகிர்ந்துகொள்ளுங்கள். யார் செலவு செய்தாலும் அன்றே அதில் ஒரு வரி எழுதிவிடலாம். யூபிஐ செயலியில் பணம் அனுப்பும்போது தொகைக்குக் கீழே குறிப்பு எழுத இடமிருக்கிறது. பலரும் அதை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். ‘கீரை’, ‘மருந்து’ என்று ஒரு சொல் எழுதினால், பின்னர் பரிவர்த்தனை வரலாற்றைப் பார்க்கும்போது எதற்குக் கொடுத்தோம் என்று யோசித்து நிற்க வேண்டியிருக்காது. மாத முடிவில் வங்கியின் இணையதளத்திலிருந்து கணக்கு அறிக்கையை இறக்கி, அதையும் உங்கள் விரிதாளையும் ஒப்பிட்டு டிக் போடுங்கள்.

சில்லறைச் செலவுக்கு இன்னொரு நல்ல வழியும் உண்டு. பெரும்பாலான யூபிஐ செயலிகளில் இருக்கும் யூபிஐ லைட் என்பது, நம் அம்மாக்கள் அஞ்சறைப் பெட்டியில் ஒதுக்கி வைத்த சில்லறையைப் போன்றது. அதில் ஒரு நேரத்தில் அதிகபட்சம் 5,000 ரூபாய் வைத்திருக்கலாம்; ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே செலுத்தலாம். ஞாயிறுதோறும் அதில் 1,500 ரூபாயை ஏற்றுங்கள். வியாழனன்றே தீர்ந்துபோனால், அந்த வாரம் கை சற்று நீண்டுவிட்டது என்பது அப்போதே தெரிந்துவிடும். லைட்டில் செய்யும் ஒவ்வொரு செலவும் வங்கிப் பாஸ்புக்கில் தனித்தனியே வராது, ஏற்றிய தொகை மட்டுமே வரும். எனவே விவரம் வேண்டுமானால் செயலியின் வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும். ரகசிய எண் கேட்காது என்பதால், கைபேசியின் திரைப்பூட்டு வலுவாக இருப்பதும் அவசியம்.

பல வங்கிகளில் இருக்கும் கணக்குகளை ஒரே இடத்தில் பார்க்க விரும்பினால், ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற ‘அக்கவுண்ட் அக்ரிகேட்டர்’ (கணக்குத் தகவல்களைத் திரட்டித் தரும் நிறுவனம்) வழியாகச் செய்யுங்கள். 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டில் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லை எவரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. எந்தக் கணக்கின் விவரம், எதற்காக, எத்தனை காலத்துக்கு என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருக்கும். வேண்டாமென்றால் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். இதற்கு மாறாக, கடவுச்சொல்லையே தரச் சொல்லும் எந்தச் செயலியையும் அந்தக் கணமே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 26. பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, உடற்பயிற்சிக்கு ஒன்று என்று பல செயலிகளில் சந்தா கட்டியிருந்தேன். பலவற்றைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டேன். ஆனாலும் மாதந்தோறும் 149, 199, 299 என்று பணம் போய்க்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள், அது நிற்காது. மாதந்தோறும் எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுத்த ஒப்புதல், நீங்கள் ரத்து செய்யும்வரையோ அதன் காலம் முடியும்வரையோ உயிரோடிருக்கும். யூபிஐ ஆட்டோபே முறையில் 15,000 ரூபாய் வரையிலான சந்தாக்களுக்கு, முதல்முறை ஒப்புதல் அளித்த பின் ஒவ்வொரு மாதமும் ரகசிய எண் கேட்கப்படுவதில்லை. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. அந்த அறிவிப்பைத்தான் நாம் படிக்காமல் தள்ளிவிடுகிறோம்.

உங்கள் ஒப்புதல்கள் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். யூபிஐ வழியாகக் கொடுத்தவற்றை, உங்கள் யூபிஐ செயலியின் சுயவிவரப் பக்கத்தில் ஆட்டோபே என்ற பகுதியில் காணலாம். ஒன்றுக்கு மேற்பட்ட யூபிஐ செயலிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். கார்டு வழியாகக் கொடுத்தவை வங்கியின் இணையதளத்திலும், கைபேசியின் செயலிக் கடை வழியாகக் கொடுத்தவை அந்தக் கடையின் சந்தாப் பக்கத்திலும் இருக்கும். கடன் தவணைக்காகக் கொடுத்த ஒப்புதலில் மட்டும் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். தவணை தவறினால் அபராதத்தோடு நிற்காது, உங்கள் கடன் வரலாற்றிலும் அது பதிவாகிவிடும். அந்த வரலாற்றையும் இந்தச் சாக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தியாவில் இயங்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் ஏதேனும் உங்கள் பெயரில் இருந்தால் அதில் தெரியவரும்.

கேள்வி: அப்பா சென்ற ஆண்டு காலமானார். எந்தெந்த வங்கியில் என்ன வைத்திருந்தார் என்று எங்களிடம் சொன்னதில்லை. உத்கம் இணையதளத்தில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியானால் வேறு எதுவும் இல்லை என்று முடிவு செய்துவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: முடிவு செய்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய உத்கம், பத்து ஆண்டுகளுக்கு மேல் எவரும் உரிமை கோராத பணத்தைத்தான் காட்டும். உங்கள் தந்தை மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வைப்புத்தொகை போட்டிருந்தால், அது அதில் வராது.

நான் முதலில் பார்க்கச் சொல்வது வருமான வரித் துறையின் இணையதளத்தை. இறந்தவரின் சட்டப்படியான வாரிசு என்று அதில் பதிவு செய்துகொண்டால், அவருடைய நிரந்தரக் கணக்கு எண்ணின் கீழ் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பார்க்க முடியும். ஏ.ஐ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அறிக்கை 2021 நவம்பரில் அறிமுகமானது. எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்தது, எந்த நிறுவனம் ஈவுத்தொகை கொடுத்தது என்ற விவரங்கள் அதில் இருக்கும். வட்டி வந்த இடத்தில் முதலும் இருக்கும் அல்லவா? தகவல் வந்து சேராத சிறு கணக்குகள் விடுபட்டிருக்கலாம் என்பதால், பாஸ்புக்குகளையும் பழைய காசோலைப் புத்தகங்களையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். தந்தையின் மின்னஞ்சலைத் திறக்க முடிந்தால், பரஸ்பர நிதிகளுக்கான ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை வந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். காப்பீட்டு நிறுவனங்களும் உரிமை கோரப்படாத தொகையைத் தேடும் வசதியைத் தங்கள் இணையதளங்களில் வைத்திருக்கின்றன.

இந்தத் தேடல் எதற்கும் கட்டணம் கிடையாது. ‘உங்கள் தந்தையின் பணம் கிடக்கிறது, இந்த இணைப்பைத் தொட்டு ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்று எவராவது அழைத்தால் துண்டித்துவிடுங்கள். யூபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. தவறிப்போய்ப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்துவிட்டு வங்கிக்கும் தெரிவியுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்தப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

கணக்குகளைக் கண்டுபிடித்த பின் இணையத்தின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாளச் சான்று, உரிமை கோரும் படிவம் ஆகியவற்றுடன் வங்கிக் கிளைக்கு நேரில் செல்லுங்கள். நியமனதாரர் (நாமினி) யாரென்று பதிவாகியிருந்தால் வேலை எளிது. ஆனால் அவர் வாரிசுகள் எல்லோருக்குமாகத்தான் அந்தப் பணத்தைப் பெறுகிறார் என்பதை உடன்பிறந்தவர்களிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும், தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.