நகையை அடகு வைத்து மெஷின் வாங்கலாமா?

கேள்வி: ஷார்ஜாவில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். பாளையங்கோட்டை பக்கம் வீடு, ஆபீஸ் சுத்தம் செய்து கொடுக்கும் தொழில் தொடங்க ஆசை. கையில் 2 லட்சம் இருக்கிறது. மனைவியின் நகையை அடகு வைத்து இன்னொரு 3 லட்சம் புரட்டி, தரை தேய்க்கும் மெஷினும் பழைய லோடு ஆட்டோவும் வாங்கலாமா?
- வாசகர், பெருமாள்புரம்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். வேலை தெரிந்த ஆள் நீங்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தொழிலில் பணத்தை விழுங்குவது மெஷின் இல்லை, சம்பளம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆபீஸை மாதம் 50,000 ரூபாய்க்குப் பிடிக்கிறீர்கள். மூன்று பேருக்குத் தலா 12,000 சம்பளம், பினாயில், மாப்பு வகையறா 3,000. ஆக 39,000 செலவு, 11,000 மிச்சம். நல்ல கணக்குதான். ஆனால் மாதம் முடிந்து பில் கொடுத்தால் "அடுத்த வாரம் வாங்க அண்ணாச்சி" என்பார்கள். அது ஒன்றரை மாதம் இழுத்தால், முதல் பைசா கைக்கு வருமுன் இரண்டு மாதச் செலவாக உங்கள் பணம் 78,000 வெளியே போயிருக்கும். வேலையாட்களிடம் அடுத்த வாரம் என்று சொல்ல முடியாது. மறுநாளே வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

உத்யம் என்கிற மத்திய அரசின் சிறு தொழில் பதிவு இலவசம், முதலில் அதை முடியுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால், பதிவு பெற்ற சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தைக் காட்டி வசூலித்தால் அந்த ஆபீஸ் அதோடு சரி என்பது வேறு விஷயம். அதனால் ஆரம்பத்தில் ஒரே ஒரு ஆபீஸ் போதும்.

ரொக்கத்துக்கு வீடுகளைப் பிடியுங்கள். கே.டி.சி. நகர், மகாராஜநகர் பக்கம் பால்காய்ப்புக்கு நாள் குறித்த வீட்டுக்காரர் சுத்தம் செய்ய ஆள் தேடுவார், வேலை முடிந்ததும் காசு தருவார். போனில் மட்டும் ரேட் சொல்லாதீர்கள். நேரில் போய்த் தரையில் குனிந்து பாருங்கள். டைல்ஸ் மேல் காய்ந்த சிமென்ட்டும் பெயின்ட் சொட்டும் இருந்தால் பிளேடால் சுரண்டியே ஒரு நாள் போய்விடும். அவசரப்பட்டு மார்பிளில் ஆசிட் ஊற்றினால் பளபளப்பு போய், கூலியும் போய்விடும். ஆடி, மார்கழியில் பால்காய்ப்பு இருக்காது. தீபாவளி, பொங்கலுக்கு முன்பு ஆள் போதாது.

ஜி.எஸ்.டி. கவலை இப்போது வேண்டாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான். ஆட்களுக்குப் பிரதமர் விபத்துக் காப்பீடு போட்டுவிடுங்கள்: ஆண்டுக்கு 20 ரூபாய், 2 லட்சம் பாதுகாப்பு. செப்டிக் டேங்கையும் பார்த்துக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால், எவ்வளவு தந்தாலும் ஆளை இறக்காதீர்கள். மனிதரைக் கழிவு அள்ள வைப்பதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அது ஜெயிலில் கொண்டுபோய் விடும், அதற்கு முன் ஓர் உயிரே போகலாம்.

அப்புறம் அந்த மெஷின். பெரிய ஹால் வேலை வந்தால் வாடகைக்கு எடுங்கள், லோடு ஆட்டோவும் அப்படியே. வாடகையே மாதத் தவணை அளவுக்கு வர ஆரம்பித்தால், முத்ரா என்கிற மத்திய அரசின் தொழில் கடன் திட்டத்தில், 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரை பிணையில்லாமல் கேட்கலாம். அன்றைக்கு அந்த ஆபீஸ் ஒப்பந்தத்தையும் வங்கிக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.