மூட்டையில் வரும் கரி மண்ணை மீட்குமா?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி செம்மண் நிலம் இருக்கிறது. நிலக்கடலை போட்டுப் போட்டு மண் சலித்துவிட்டது. மழை பெய்த மூன்றாம் நாளே காய்ந்துவிடுகிறது. கீழ்மூலையில் அரை ஏக்கர் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. பயோசார் என்னும் கரி 40 கிலோ மூட்டை 1,000 ரூபாய், ஏக்கருக்கு 2 மூட்டை போதும், கார்பன் பணமும் வரும் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த மூட்டை வேண்டாம். கரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். ஏக்கருக்கு 2 மூட்டை என்றால் 80 கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு 20 கிராம், அதாவது ஒரு கைப்பிடிகூட இல்லை. மணற்பாங்கான செம்மண்ணில் ஈரம் நிற்கிற வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஏக்கருக்கு 2 முதல் 4 டன் வரை போக வேண்டும். 2 டன் என்றாலே அவரிடம் 50 மூட்டை, 50,000 ரூபாய். மானாவாரி கடலை அதைத் தாங்குமா என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த சங்கதி. சென்ற ஆண்டு ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் இப்படிப்பட்ட மூட்டை ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். சாம்பல் நிறம், நடுநடுவே வெள்ளைத் துகள். ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து விரலால் தொட்டால் சோப்பு நீர் போல வழுக்கியது. அது கொதிகலன் சாம்பல்! நல்ல கரி கறுப்பாக இருக்கும், விரலில் நொறுங்கும், தார் நாற்றம் வராது. காற்றைக் கட்டுப்படுத்தி வேகவைத்தால்தான் கரி. வெட்டவெளியில் எரிந்து தீர்ந்தால் சாம்பல். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இதை மறைத்துத்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

கார்பன் பணம் என்கிறாரே, அதையும் கேளுங்கள். கரியை மண்ணில் சேர்த்தால் அவ்வளவு கார்பன் காற்றுக்குப் போகாமல் நிற்கிறது என்று கணக்கு எழுதி, அந்தக் கணக்கை விற்று வாங்கும் பணம் அது. பெரும்பாலும் அந்தக் கணக்கு கரியைத் தயாரித்தவர் பெயரில்தான் எழுதப்படும். உங்கள் கையெழுத்தும் பட்டா நகலும், கரி மண்ணில் சேர்ந்தது என்பதற்கான சாட்சி. ஆக, மூட்டையை உங்களிடம் விற்றும் காசு, உங்கள் சாட்சியைக் காட்டி வேறிடத்தில் விற்றும் காசு. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் பக்கத்தில் கரிக்கா பஞ்சம்? கண்மாய்க்கரை முழுக்கச் சீமைக்கருவேலம். ஐந்தடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் அடி குறுகிய குழி வெட்டுங்கள். மணிக்கட்டுப் பருமன் வரையுள்ள காய்ந்த விறகைப் போட்டு மேலிருந்து தீ வையுங்கள். மேல் அடுக்கில் வெள்ளைச் சாம்பல் படரத் தொடங்கும்போது அடுத்த அடுக்கு. குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுதாக அணைத்துவிடுங்கள். இதில் கஞ்சத்தனம் காட்டினால் விடிவதற்குள் அத்தனையும் சாம்பலாகியிருக்கும்.

வெறும் கரியை அப்படியே கொட்டாதீர்கள். கரி பத்தாயம் மாதிரி; நெல்லை நீங்கள்தான் கொட்ட வேண்டும். காலிப் பத்தாயத்தை மண்ணில் வைத்தால் இருக்கிற தழைச்சத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும், முதல் பயிர் மஞ்சளாக நிற்கும். நொறுக்கி, அதே அளவு மக்கிய தொழுவுரம் கலந்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்த கோமியம் தெளித்து, நிழலில் ஈரம் காயாமல் ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு விதைப்புச் சாலில் மட்டும் இட்டு மண்ணோடு கலந்தால் குறைந்த கரியே போதும்.

இனி அந்தக் கீழ்மூலை. அங்கே கரி போடாதீர்கள். விற்பவர்கள் அமேசான் கறுப்பு மண்ணைப் படம் காட்டுவார்கள். அது பல நூறு ஆண்டுகளாகக் கரியும் எலும்பும் குப்பையும் சேர்ந்து உண்டான மண். தவிர, அந்த ஊர் மண் அமில மண். காரமான கரி அங்கே மருந்து. உங்கள் வெள்ளை பூத்த மண் ஏற்கெனவே காரமாக இருக்கலாம்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைத்தண்ணீர் எடுத்து, அந்த மூலையிலிருந்து சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக உள்ளே விடுங்கள். ஆட்டக்கூடாது, கலக்கக்கூடாது. மறுநாள் காலையில் தண்ணீர் பால் கலந்ததுபோல் கலங்கி நின்றால் களர், அதாவது சோடியம் ஒட்டிய மண். கட்டி உதிர்ந்து அடியில் கிடக்க, மேல் தண்ணீர் தெளிவாக நின்றால் உவர், அதாவது உப்பு மண் என்று சந்தேகிக்கலாம். உவருக்கு வடிகால் வெட்டி நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவினால் பாதி வேலை முடிந்தது. களர் அப்படிப் போகாது. மண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கிளப்ப சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) வேண்டும், அதற்குத்தான் ஜிப்சம். வரப்பு உயர்த்தி, ஜிப்சம் இட்டு, ஐப்பசி மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்து, பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள்.

எவ்வளவு ஜிப்சம்? அதை அரசு தரும் மண்வள அட்டை சொல்லாது. 2015-இல் அந்தத் திட்டம் வந்தபோது மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான் எடுத்தார்கள். ஏறக்குறைய 25 ஏக்கருக்கு ஒரு பிடி மண்! அதில் உங்கள் கீழ்மூலை எங்கே வரும்? அட்டையில் உள்ள 12 அம்சங்களில் கார அமில நிலையும் உப்பின் அளவும் உண்டு; மண்ணில் ஒட்டிய சோடியம் இல்லை. அட்டை அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது, எண்ணிக்கை ஏறிவிட்டது, களர் அப்படியே கிடக்கிறது. ஆகவே அந்த மூலை மண்ணைத் தனிப்பையில் கட்டி, மண் ஆய்வுக்கூடத்தில் 'ஜிப்சம் தேவை' பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்கள், கேட்டாலும் இரண்டு முறை அலையவிடுவார்கள். விடாதீர்கள்.

மேட்டு நிலத்தில் இந்த ஆண்டு 10 சென்ட் மட்டும் கரி போடுங்கள், பக்கத்திலேயே 10 சென்ட் போடாமல் விடுங்கள். மழை நின்ற ஐந்தாம் நாள் இரண்டிலும் ஒரு சாண் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள்.