தேசம், மொழி, எல்லை: கேட்டதுக்கெல்லாம் பதில்

கே: சார், தேசிய அரசு, அதாவது ஒரு தேசத்து மக்களுக்குன்னு ஒரு அரசு, 1648 வெஸ்ட்ஃபாலியா ஒப்பந்தத்துல பொறந்ததுதானே?

ப: இல்லைங்க. ஐரோப்பிய ராஜாக்களும் இளவரசர்களும் முப்பதாண்டுப் போரை முடிக்கப் போட்டுக்கிட்டது அது, குடிமக்களை யாரும் கேக்கல. அரசு வேற, தேசம் வேற. குழப்பிக்காதீங்க.

கே: ஒரே மொழி பேசுறவங்க சேர்ந்தா தேசம், கரெக்டா அண்ணே?

ப: பிரான்ஸைப் பாருங்க. புரட்சி நடந்து அஞ்சு வருஷம் கழிச்சு, 1794ல கிரெகுவார்னு ஒரு பாதிரியார் அறிக்கை கொடுக்குறாரு, 60 லட்சம் பேருக்கு பிரெஞ்சே தெரியாது, சுத்தமா பேசுறவங்க 30 லட்சத்தைத் தாண்டலன்னு. அப்புறம் பள்ளிக்கூடமும் பட்டாளமும் சேர்ந்துதான் எல்லாரையும் பிரெஞ்சு பேச வெச்சுது. தேசம் முன்னாடி, மொழி பின்னாடி.

கே: விசா எப்படி எடுக்குறது?

ப: தூதரகத்துல கேளுங்க.

கே: மொழி பத்தி நீங்க சொன்னதை ஒத்துக்க முடியாது. கிரேக்கம் பேசுறவன் கிரேக்கன், துருக்கி பேசுறவன் துருக்கியன், அவ்ளோதான்.

ப: வாங்க, இதுக்குத்தான் காத்திருந்தேன். 1923ல ஸ்விட்சர்லாந்து லொசான் நகரத்துல போட்ட ஒப்பந்தப்படி கிரேக்கமும் துருக்கியும் ஆள் மாத்திக்கிட்டாங்க, துருக்கிலேருந்து கிரேக்கத்துக்கு சுமார் 12 லட்சம் பேர், கிரேக்கத்துலேருந்து துருக்கிக்கு 4 லட்சம் பேர். துருக்கியோட ஆசியப் பகுதியான அனடோலியால கரமான்லின்னு ஒரு கூட்டம், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க, பேசுறது துருக்கி, ஆனா அதை எழுதுறது கிரேக்க எழுத்துல. அவங்களை கிரேக்கத்துக்கு அனுப்பிட்டாங்க. கிரேக்கத்தோட கிரீட் தீவுல கிரேக்கம் மட்டுமே பேசின முஸ்லிம்களை துருக்கிக்கு. இப்ப சொல்லுங்க, யார் கிரேக்கன்?

கே: மதம்தான் தேசம்னு நீங்களே சொல்லிட்டீங்களே!

ப: நான் எங்கய்யா சொன்னேன்? மதத்தை அளவுகோலாப் பிடிச்சது ஒப்பந்தம் எழுதினவங்க, அதுலயும் இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் கிரேக்கத்துல இருக்குற மேற்குத் திரேஸ் பகுதி முஸ்லிம்களுக்கும் விலக்கு கொடுத்தாங்க. மதம் போதும்னா, கிரேக்கத்துல வந்து இறங்கின அகதிங்களை ‘துருக்கி விதை’ன்னு ஏன் திட்டினாங்க? அந்தப் பக்கம் போன கிரீட் முஸ்லிமுக்கு ‘பாதி காஃபிர்’னு பேரு.

கே: மத்திய கிழக்கு எல்லையெல்லாம் சைக்ஸ்-பிகோ போட்ட கோடுதானே?

ப: முழுசா இல்லைங்க. சைக்ஸ்-பிகோங்கிறது பிரிட்டனும் பிரான்ஸும் ரகசியமாப் போட்ட 1916 ஒப்பந்தம், அதுல மொசூல் நகரம் பிரெஞ்சுப் பக்கம். இன்னிக்கு இராக்ல இருக்கு.

கே: சண்டை இல்லாம பிரிஞ்ச நாடு உண்டா?

ப: நார்வே, 1905. ஸ்வீடனை விட்டுப் பிரிய 3,68,208 ஓட்டு, வேண்டாம்னு 184.

கே: 1648லதான தேசிய அரசு...

ப: மேல போய்ப் படிங்க, ப்ளீஸ். அரசு வேற, தேசம் வேற.

கே: அந்தக் கரமான்லி எழுத்தை இப்பவும் பாக்க முடியுமா?

ப: முடியும். இஸ்தான்புல்ல பாலிக்லி சர்ச் முற்றத்துல அவங்க கல்லறைக் கல்லையே தரையாப் பாவி வெச்சிருக்காங்க. எழுத்து கிரேக்கம், வாசிச்சா துருக்கி.