பழைய ஃபியட்டா, புது ஆல்டோவா?

கேள்வி: திருமங்கலத்தில் குடியிருக்கிறேன், வேலை மதுரை சிம்மக்கல்லில். இரண்டு சின்னப் பிள்ளைகள். கையில் 3 லட்சம் இருக்கிறது. காரைக்குடியில் ஒருவர் 1974 மாடல் பிரீமியர் பத்மினியை (பழைய ஃபியட் கார்தான்) அந்த விலைக்கே தருகிறார். புது ஆல்டோ கே10 என்றால் இன்னும் 3 லட்சம் கடன் வாங்க வேண்டும். புது வண்டி விலை இறங்கும், பழையது ஏறும் என்கிறார் நண்பர். எது லாபம்?

பதில்: விலை ஏறும் பத்மினி வேறு, தினமும் சிம்மக்கல் போய்வரும் பத்மினி வேறு. அசல் பாகங்களோடு ஷெட்டில் பத்திரமாக நிற்கும் வண்டிக்குத்தான் மதிப்புக் கூடும். 50 வயது தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், வேலைக்கு ஓட்டிப் போக முடியாது. சாதாரண ஆர்.சி.யில் ஓட்டலாம். ஆனால் 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு.

பெட்ரோல் கணக்குதான் நண்பர் பார்க்காதது. போக வர 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,000 கிலோமீட்டர். ஊருக்குள் பத்மினி லிட்டருக்கு 10 கொடுத்தால் 100 லிட்டர், ஆல்டோ 20 கொடுத்தால் 50 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 5,000 ரூபாய் வித்தியாசம். 3 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுத் தவணை சுமார் 6,230 ரூபாய். அதாவது, கடன் வாங்காவிட்டாலும் தவணையில் பெரும்பகுதியை பெட்ரோல் பங்கில் கட்டப்போகிறீர்கள். போதாததற்கு இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும், எரிபொருள் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வும் அதற்காகச் செய்தவை அல்ல, மாற்றித்தான் ஆகவேண்டும்.

பணத்தை விடுங்கள், பிள்ளைகளைப் பாருங்கள். 1974 பத்மினியில் ஏர்பேக் இல்லை, சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இல்லை, பின்சீட்டில் பெல்ட்டும் கிடையாது. நான்குவழிச் சாலையில் லாரி, பஸ்களுக்கு நடுவே தினமும் ஓட வேண்டிய வண்டி இது. இப்போது வரும் ஆல்டோ கே10-இல் 6 ஏர்பேக் இருக்கிறது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

ஆல்டோவையே எடுங்கள். சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் உங்களுக்குச் சாதகம். ஆனால் 3 லட்சத்தையும் முன்பணமாகக் கொட்ட வேண்டாம். வேரியன்ட்டில் ஒரு படி இறங்கி, 75,000 ரூபாயையாவது அவசரத்துக்கு வங்கியில் வையுங்கள்.

பத்மினி ஆசை தப்பில்லை, நல்ல வண்டி அது. கடன் முடிந்தபின் இரண்டாவது வண்டியாக வாங்குங்கள். அப்போது ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா, என்ஜின், சேஸிஸ் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.